லாகின் ஆகாத பழைய கிளையன்ட்: டிரைவரை மாற்றுவதா, சர்வரை வளைப்பதா?

ஈரோட்டில் பைப், பெயின்ட் மொத்த வியாபாரக் கடை ஒன்று. நான்கு கவுன்ட்டர். நான்கிலும் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய மொழியில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சர்வர் என்று அவர்கள் சொல்வது உள்ளறையில் மேசைக்கடியில் கிடக்கும் ஒரு பிசி. ஒருநாள் அதன் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து புது டிஸ்க் மாட்டி, விண்டோஸ் ஏற்றி, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரின் 8.0 பதிப்பை டவுன்லோட் செய்து போட்டு, பேக்கப்பையும் ஏற்றிக் கொடுத்துவிட்டான். ஒரு ரூபாய் பாக்கிக் கணக்குகூடத் தொலையவில்லை. ஆனால் நான்கு கவுன்ட்டரிலும் பில் போட முடியவில்லை. எரர் 1251.

"ஏனுங் தம்பி, பாஸ்வேர்டு மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டார் முதலாளி. அதற்குள் அவரும் கணக்குப்பிள்ளையும் பாஸ்வேர்டை இருபது தடவையாவது அடித்துப் பார்த்திருந்தார்கள்.

பாஸ்வேர்ட் சரிதான். அதை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் தகராறு. கவுன்ட்டர் பிசிக்களில், அதாவது கிளையன்ட்டுகளில், பில்லிங்கையும் டேட்டாபேஸையும் பேசவைக்க இருந்தது மைஎஸ்க்யூஎல் ஓடிபிசி டிரைவர் 3.51. அதற்குத் தெரிந்தது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' என்ற பழைய முறை மட்டும். 2018 ஏப்ரலில் வந்த 8.0-லிருந்து, புதிதாக உருவாக்கும் யூசருக்கு எல்லாம் சர்வர் 'கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்' என்ற புது முறையைத்தான் கொடுக்கிறது. சர்வர் கேட்ட கேள்வி டிரைவருக்குப் புரியவில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் முன்னால் நாலைந்து வழிகள் கிடக்கின்றன. பெரும்பாலானவை அன்றைக்கு வேலை செய்யும். எது எத்தனை நாளைக்குத் தாங்கும், பின்னால் யார் தலையில் விடியும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில், இது அந்த நோய்தானா?

எரர் நம்பரைப் படிக்காமல் யாரும் மருந்து தேட வேண்டாம். 1045 வந்தால் பாஸ்வேர்ட் தப்பு, அல்லது அந்த யூசருக்கு அந்த பிசியிலிருந்து வர அனுமதி இல்லை. 2003 வந்தால் சர்வரை எட்டவே முடியவில்லை. ஃபயர்வாலையும் கேபிளையும் பாருங்கள். இந்த இரண்டுக்கும் டிரைவரின் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது.

டிரைவர் பழசு என்று சொல்லும் நம்பர்கள் வேறு. மிகப் பழைய கிளையன்ட்டாக இருந்தால் 1251. கொஞ்சம் நடுவயது கிளையன்ட் என்றால் 2059: பிளகினை (லாகின் முறைக்கான துணை ஃபைல்) லோட் செய்ய முடியவில்லை என்று ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டு நிற்கும். பிஎச்பியில் 2054. நோட்ஜேஎஸ்ஸில் பழைய 'மைஎஸ்க்யூஎல்' பேக்கேஜும் 1251-ஐத்தான் கொடுக்கும். அதற்குப் பதிலாக 'மைஎஸ்க்யூஎல்2' பேக்கேஜைப் போட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

இன்னொரு வகை உண்டு. அது என்னை மூன்று திங்கட்கிழமைகள் முட்டாளாக்கியது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஜாவா அப்ளிகேஷன். சனிக்கிழமை இரவு சர்வரை அணைத்துவிட்டுப் போவார்கள். திங்கள் காலை ஆன் செய்தால் அப்ளிகேஷன் லாகின் ஆகாது. பப்ளிக் கீ எடுக்க அனுமதி இல்லை என்று எரர். எனக்கு போன் வரும். நான் ரிமோட்டில் சர்வருக்குள் போய், பாஸ்வேர்ட் சரியா என்று பார்க்க ஒர்க்பெஞ்ச் என்ற மைஎஸ்க்யூஎல் கருவியில் அதே யூசரில் லாகின் செய்வேன். ஆகும். உடனே அப்ளிகேஷனும் ஓட ஆரம்பித்துவிடும். "நீங்க வந்து பார்த்தாலே சரியாயிருதுங்" என்றார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. புது முறையின் பெயரிலேயே 'கேச்சிங்' இருக்கிறது. ஒரு யூசர் முதல்முறை லாகின் செய்யும்போது சர்வர் முழுச் சோதனை செய்யும். அதற்குப் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகக் கொண்டுவர டிஎல்எஸ் (எஸ்எஸ்எல் என்றும் சொல்வார்கள்) என்ற மறையாக்கிய இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஆர்எஸ்ஏ சாவி, அதாவது எரரில் வந்த அந்த பப்ளிக் கீ வேண்டும். ஒருமுறை தேறிவிட்டால் விவரம் மெமரியில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை சுருக்கச் சோதனையே போதும், டிஎல்எஸ் இல்லாவிட்டாலும் விட்டுவிடும். சர்வரை அணைத்தால் அந்த மெமரி காலி. பாஸ்வேர்டை மாற்றினாலும், பிரிவிலேஜஸை ஃபிளஷ் செய்தாலும் காலி. ஒர்க்பெஞ்ச் டிஎல்எஸ்ஸில் போய் எனக்காகக் கதவைத் திறந்துவைத்தது. பின்னாலேயே அப்ளிகேஷன் நுழைந்துகொண்டது.

அந்த அப்ளிகேஷனில் டிரைவர் புதுசு. சர்வரோடு இணைய எழுதும் வரி, அதாவது கனெக்ஷன் ஸ்டிரிங்தான் பழசு. 5.1 காலத்து ஜாவா டிரைவர், எஸ்எஸ்எல் சான்றிதழைச் சரிபார்க்கவில்லை என்று லாகில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் கொட்டும். அந்தத் தொல்லைக்காக எஸ்எஸ்எல்லையே அணைத்து ஒரு வரி எழுதி, அதையே காப்பி அடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். இங்கே இரண்டு மருந்து: பப்ளிக் கீயைக் கேட்டு வாங்க அனுமதி கொடுப்பது, அல்லது அணைத்து வைத்த எஸ்எஸ்எல்லைத் திரும்ப ஆன் செய்வது. தேடினால் முதலில் கண்ணில் படுவது முதல் மருந்துதான். ஆனால் நடுவில் ஒருவன் சர்வர் வேஷம் போட்டுத் தன் சாவியைக் கொடுத்தால் டிரைவர் அதையும் நம்பி வாங்கிக்கொள்ளும், பாஸ்வேர்ட் அவன் கைக்குப் போய்விடும். 8.0 தானாகவே சான்றிதழ் உருவாக்கி வைத்துக்கொள்கிறது. எஸ்எஸ்எல்லை அணைத்த அந்த ஒரு வரியை எடுத்தேன். அதன் பிறகு திங்கட்கிழமை போன் வரவில்லை.

டிரைவரை மாற்றுவது

எல்லாரும் சொல்லும் சரியான பதில் இதுதான். எனக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சொல்வது போலச் சுலபம் இல்லை.

ஈரோட்டுக் கடையையே எடுத்துக்கொள்வோம். விபி6 என்பது 32 பிட். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், அதற்கு வேண்டியது 32 பிட் ஓடிபிசி டிரைவர். 64 பிட் டிரைவரை ஏற்றிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் டிஎஸ்என் (இணைப்பு விவரங்களுக்கு வைக்கும் ஒரு பெயர்) போட்டு, டெஸ்ட் பட்டனைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும். பில்லிங் மட்டும் வேலை செய்யாது. 32 பிட் ஓடிபிசி ஸ்கிரீன் தனியாக சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. பெயரில் 64 இருக்கும் ஃபோல்டருக்குள்தான் 32 பிட் சரக்கு. இதை யார் யோசித்தார்களோ! இது தவிர, புது டிரைவருக்கு விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற துணை மென்பொருள் தேவை. அது இல்லாத பிசியில் இன்ஸ்டாலர் பாதியில் முரண்டு பிடிக்கும்.

அடுத்தது பெயர். கனெக்ஷன் ஸ்டிரிங்கில் டிரைவரின் பெயர் 3.51 என்ற எண்ணோடு முழுசாக எழுதியிருக்கும். புது டிரைவருக்குப் பெயர் வேறு. அதிலும் யூனிகோட், ஆன்ஸி என இரண்டு. பழைய அப்ளிகேஷன் பாமினி மாதிரி ஃபான்ட்டில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்திருந்தால் ஆன்ஸியை எடுங்கள், யூனிகோடை எடுத்துவிட்டுப் பிறகு கொம்பையும் காலையும் தேடாதீர்கள். எதை எடுத்தாலும் ஒரு பழைய பில்லைத் திறந்து, வாடிக்கையாளர் பெயர் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கவுன்ட்டருக்குப் போங்கள்.

அந்தப் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்பதில்தான் அதிர்ஷ்டம். டிஎஸ்என் வழியாக இணைந்திருந்தால் அதே பெயரில் புது டிரைவரோடு இன்னொரு டிஎஸ்என் போட்டால் முடிந்தது. ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலில் இருந்தால் நோட்பேட் போதும். எக்ஸ்இக்குள்ளேயே பொதிந்து கிடந்தால், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பழைய டிரைவரின் பெயரைப் புது டிஎல்எல்லுக்குத் திருப்பிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் செய்திருக்கிறேன். ஓடுகிறது. அதைப் பற்றி வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஜாவாவில் வேறு வேடிக்கை. புது ஜாரை (டிரைவர் இருக்கும் ஃபைல்) அப்ளிகேஷனுக்குள் போட்டிருப்பீர்கள். டாம்கேட் என்ற ஜாவா சர்வரின் லிப் ஃபோல்டரில் ஐந்து வருடமாகத் தூங்கும் பழைய ஜார் முதலில் எழுந்து வந்துவிடும். அதைத் துரத்தினால் அடுத்த எரர்: சர்வரின் டைம்ஸோன் 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்பது புரியவில்லை என்று. 8.0.23-க்கு முந்தைய ஜாவா டிரைவர்கள் நம் ஊர் விண்டோஸ் சர்வர்களில் பலரை இப்படித் தடுக்கிவிட்டிருக்கின்றன. கனெக்ஷன் ஸ்டிரிங்கில் 'ஏஷியா/கொல்கத்தா' என்று எழுத வேண்டும், அல்லது அதற்குப் பிந்தைய டிரைவருக்குப் போக வேண்டும். லாகின் எரர் என்பது வரிசையில் முதலில் நிற்கும் ஆள் மட்டுமே. அவருக்குப் பின்னால் 255-ஆம் நம்பர் கேரக்டர் செட் தெரியாது என்று ஒருவர், கொயரி கேஷ் (முந்தைய கேள்விகளின் விடையைச் சேமித்துவைக்கும் வசதி) என்ற வேரியபிள் எங்கே என்று கேட்கும் ஒருவர், இப்படி வரிசை நீளும். முன்னவர் 8.0-வின் புதிய யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வரிசையைப் பார்த்து விழிப்பவர், பின்னவர் 8.0-வில் கொயரி கேஷையே தூக்கிவிட்ட செய்தி போய்ச் சேராதவர்.

அதனால் டிரைவர் மாற்ற அரை மணி நேரம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிசிக்கு அரை நாள் என்று சொல்லுங்கள். சீக்கிரம் முடிந்தால் நல்ல பெயர்.

மற்ற மொழிகளில் இவ்வளவு பாடு இல்லை. பிஎச்பியில் 7.4.4 முதல் முழு ஆதரவு உண்டு. பைத்தானில் பைமைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் 'கிரிப்டோகிராஃபி' பேக்கேஜையும் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவே. டாக்கரில் ஆல்பைன் இமேஜ் பயன்படுத்துபவர்கள் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க: அங்கே மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் என்று கிடைப்பது உண்மையில் மரியாடிபியின் (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) கிளையன்ட். அதன் கனெக்டர் சி பேக்கேஜைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அதே 2059 வந்து நிற்கும்.

ஒரே ஒரு யூசரைப் பழைய முறைக்கு மாற்றுவது

அன்று இரவு ஒன்பது மணிக்கு ஈரோட்டில் நான் செய்தது இதைத்தான். மறுநாள் காலை கடை திறக்க வேண்டும். நான்கு பிசியில் டிரைவர் மாற்றி, பழைய பில்களைச் சரிபார்க்க அவகாசம் இல்லை. 'ஆல்டர் யூசர்' என்ற ஒரு கட்டளை. அந்த யூசருக்கு மட்டும் நேட்டிவ் முறை, பாஸ்வேர்ட் மறுபடி கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நான்கு கவுன்ட்டரும் உயிர் பெற்றன.

இதைச் செய்யும்போது இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டினேன். அந்த யூசர் கடையின் உள் நெட்வொர்க்கிலிருந்து மட்டுமே வர முடியும். பில்லிங் டேட்டாபேஸைத் தவிர வேறு எதையும் தொட முடியாது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டு அதையே அப்ளிகேஷனுக்குக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீட்டுச் சாவியைச் செருப்புக்கடியில் வைப்பது மாதிரி.

பழைய முறையில் என்ன குறை? அது பாஸ்வேர்டை இரண்டுமுறை ஷா1 என்ற ஹாஷ் போட்டு, அதாவது நேராகத் திருப்ப முடியாத எழுத்துக்கோவையாக்கிச் சேமிக்கிறது; யூசருக்கு யூசர் மாறும் 'உப்பு' எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் டேபிளில் இருவருக்கும் ஒரே ஹாஷ்தான் தெரியும். அந்த டேபிள் வெளியே போய்விட்டால் இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அதை உடைப்பது பெரிய வேலை இல்லை. புது முறையில் உப்பும் உண்டு, ஷா256-ஐ 5000 சுற்று ஓட்டுவதும் உண்டு. ஆனால் அப்ளிகேஷன் பக்கத்திலேயே ஐஎன்ஐ ஃபைலில் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தில் கிடக்கும்போது ஹாஷின் வலிமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதில் பிரயோஜனம் குறைவு. சின்னக் கடைகளில் நான் முதலில் பார்ப்பது மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட் ரவுட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்பதைத்தான். திறந்திருந்தால் பழைய முறை பக்கமே போகாதீர்கள்.

பாதுகாப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை, இந்த வழிக்குக் காலாவதி தேதி இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த 8.4-ல் நேட்டிவ் முறை இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்திருக்கிறார்கள். கான்ஃபிக் ஃபைலில் ஆன் செய்தால்தான் வரும். 2024 ஜூலையில் வந்த 9.0-ல் அது அடியோடு இல்லை. 8.0-க்கு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். ஆகவே யாராவது ஒருநாள் 8.0-ஐ 8.4-க்கு உயர்த்துவார்கள், உயர்த்தியதும் எரர் 1524, பிளகின் லோட் ஆகவில்லை என்று. பழைய முறையில் விட்டுவைத்த யூசர் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். 5.7-லிருந்து அப்படியே உயர்த்திக்கொண்டே வந்த சர்வர்களில் இது இன்னும் மோசம். அங்கே பழைய யூசர்கள் 8.0-விலும் சத்தமில்லாமல் நேட்டிவிலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள், ரூட் உட்பட. உயர்த்துவதற்கு முன்னால் யூசர் டேபிளில் பிளகின் என்ற நெடுவரிசையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு செலக்ட் வரி.

இதே நாடகம் முன்பும் நடந்திருக்கிறது. 2004-ல் 4.1 வந்தபோது பாஸ்வேர்ட் ஹாஷ் 16 எழுத்திலிருந்து 41 எழுத்தானது. பழைய கிளையன்ட்டுகளுக்கு இதே 1251 எரர். 'ஓல்டு பாஸ்வேர்ட்ஸ்' என்று ஒரு செட்டிங்கைக் கான்ஃபிக்கில் போட்டுவிட்டு, தற்காலிகம் என்று எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். 2009-ல் பிஎச்பி 5.3 வந்தது. அதன் புது மைஎஸ்க்யூஎல்என்டி டிரைவர், அந்தப் பழைய ஹாஷோடு பேசமாட்டேன் என்றுவிட்டது. இந்த முறை கிளையன்ட் புதுசு, பாஸ்வேர்ட் பழசு. ஐந்து வருடம் முன்பு யாரோ போட்ட ஒரு வரிக்காக, அதைக் கேள்விப்பட்டே இராதவர்கள் ராத்திரி உட்கார்ந்து தேடினார்கள்.

சர்வர் முழுவதையும் பழைய முறைக்கு மாற்றுவது

8.0-வின் விண்டோஸ் இன்ஸ்டாலரில் ஒரு பக்கம் வரும்: வலுவான முறை வேண்டுமா, 5.x-க்கு ஒத்துப்போகும் பழைய முறை வேண்டுமா என்று. இரண்டாவதைத் தட்டினால் வேலை சுலபமாக முடிந்த மாதிரி இருக்கும். அதையே பிறகு செய்ய நினைப்பவர்கள் கான்ஃபிக் ஃபைலில் டிஃபால்ட் ஆத்தென்டிகேஷன் பிளகின் என்ற வரியைச் சேர்ப்பார்கள்.

இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. முதலாவது, ஏற்கெனவே இருக்கும் யூசர்களை அது தொடுவதில்லை. இனி உருவாக்குபவர்களுக்குத்தான் பொருந்தும். இந்த வரியைச் சேர்த்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்து, அதே எரரைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். இரண்டாவது, நாளை புது டிரைவரோடு வரும் அப்ளிகேஷனுக்கும் தேவையில்லாமல் பழைய முறையே கிடைக்கும். மூன்றாவதுதான் கொடுமை: 8.4-ல் அந்த செட்டிங்கே நீக்கப்பட்டுவிட்டது. கான்ஃபிக்கில் அந்த வரி இருந்தால் 8.4 சர்வர் அதைத் தெரியாத வேரியபிள் என்று சொல்லி எழவே மறுக்கும். ஒரு யூசரின் லாகின் பிரச்சினை, சர்வரே எழாத பிரச்சினையாக வளர்ந்து நிற்கும்.

நடுவில் ஒரு ஆளை நிறுத்துவது

டிரைவரையும் மாற்ற முடியாது, சர்வரையும் கட்டாயம் 9.x-க்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நிலை சில இடங்களில் உண்டு. ஆலையில் இயந்திரத்தோடு வந்த சாஃப்ட்வேர், விற்ற கம்பெனி மூடிப்போனது, சோர்ஸ் கோட் கிடையாது, ஆடிட்டர் பழைய சர்வருக்கு ஒப்புக்கொள்ளமாட்டார். அங்கே ப்ராக்ஸிஎஸ்க்யூஎல் மாதிரி ஒன்றை நடுவில் நிறுத்தலாம். அது கிளையன்ட்டோடு பழைய முறையிலும் சர்வரோடு புது முறையிலும் பேசும். 2.6 பதிப்பிலிருந்துதான் இதற்குப் புது முறை தெரியும். பழைய ப்ராக்ஸியைப் போட்டுவிட்டுத் திட்டாதீர்கள். கேட்கும் போர்ட் 6033. 3306-ஐத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இது நல்ல வழி, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்துக்கான வழி. லினக்ஸ் பெட்டி ஒன்று வேண்டும், யூசர் பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் ஒத்துவைக்க வேண்டும், அது விழுந்தால் எல்லாமே விழும். நான்கு கவுன்ட்டர் கடைக்கு இதை வைத்தால் அடுத்த வருடம் அது என்ன பெட்டி என்று யாருக்கும் நினைவிருக்காது. யாராவது சுவிட்சைப் பிடுங்கிவிட்டு மொபைல் சார்ஜ் போடுவார்கள்.

மரியாடிபிக்குத் தாவுவது

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் சின்ன இடங்களுக்கு இதுதான் மலிவு. மரியாடிபியில் சாதாரண பாஸ்வேர்ட் லாகினுக்கு நேட்டிவ் முறையே இன்றும் டிஃபால்ட்டாக இருக்கிறது. விபி6-ம் 3.51-ம் அங்கே வழக்கம்போலப் பேசிக்கொள்ளும். பாதுகாப்பில் அதே பழைய குறை உண்டு. ஆனால் சர்வர் மென்பொருளுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்த 5.7-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கிருந்து தாவுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 5.5, 5.7 காலத்து டம்ப் (டேட்டாபேஸை எழுத்தாக இறக்கிய ஃபைல்) பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் ஏறிவிடும். 8.0-ல் சில மாதம் ஓடிவிட்ட டேட்டாபேஸ் என்றால், அதன் டிஃபால்ட் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பழைய மரியாடிபி பதிப்புகள் தெரியாது என்று சொல்லிவிடும். டம்ப் ஃபைலில் தேடி மாற்ற வேண்டியிருக்கும். ஜேஸான் வகை நெடுவரிசைகள் இருந்தால் அங்கே அது நீள டெக்ஸ்ட்டின் இன்னொரு பெயர்தான். ஆகவே தாவுவதென்றால் ஹார்ட் டிஸ்க் செத்த அன்றே தாவ வேண்டும். அந்தப் பையன் 8.0-க்குப் பதிலாக மரியாடிபியை ஏற்றியிருந்தால் எனக்கு அன்றைக்குப் போனே வந்திருக்காது.

போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு

கதை அதேதான், வேஷம் வேறு. போஸ்ட்கிரஸில் ஸ்க்ராம் என்ற புது பாஸ்வேர்ட் முறை 2017-ல் 10-ஆம் பதிப்பில் வந்தது, 2021-ல் 14-ல் டிஃபால்ட் ஆனது. பழைய ஜாவா டிரைவர் 'ஆத்தென்டிகேஷன் வகை 10 தெரியாது' என்று சொல்லும், 42.2.0-லிருந்து சரியாகும். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: அனுமதி ஃபைலில் ஸ்க்ராமை அழித்து, பழைய முறையான எம்டி5 என்று எழுதுவார்கள். பயன் இல்லை. சேமித்த பாஸ்வேர்ட் ஸ்க்ராமில் இருந்தால், அங்கே எம்டி5 என்று எழுதியிருந்தாலும் சர்வர் ஸ்க்ராமையே கேட்கும். என்கிரிப்ஷன் செட்டிங்கை மாற்றிப் பாஸ்வேர்டையும் புதிதாகப் போட்டால்தான் பழைய முறை கிடைக்கும். ஆனால் 2025-ல் வந்த 18-ஆம் பதிப்பு எம்டி5 பாஸ்வேர்ட் போட்டாலே எச்சரிக்கிறது. அந்தக் கதவும் மூடிக்கொண்டுதான் வருகிறது. எனவே போஸ்ட்கிரஸில் நான் யோசிக்கவே மாட்டேன், டிரைவரை மாற்றிவிடுவேன். அங்கே அது பெரும்பாலும் ஒரே ஒரு ஜார், அல்லது ஒரு பேக்கேஜ்.

ஆரக்கிளில் 12.2-லிருந்து பழைய கிளையன்ட் வந்தால் ஓரா-28040 என்ற எரர். சர்வரின் எஸ்க்யூஎல்நெட் ஃபைலில் அனுமதிக்கும் பதிப்பை 8 என்று இறக்கினால் அந்த எரர் போய், பாஸ்வேர்ட் தப்பு என்று ஓரா-01017 வந்து நிற்கும். பாஸ்வேர்ட் தப்பில்லை. பழைய வகை ஹாஷ் அந்த யூசருக்கு உருவாகியிருக்காது. பாஸ்வேர்டை மறுபடி போட்டால்தான் உருவாகும். இதை அறியாமல் பாஸ்வேர்ட் தேடி ஒரு நாள் முழுக்க ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். யூசர்கள் பற்றிய டிபிஏ வியூவில் பாஸ்வேர்ட் வெர்ஷன்ஸ் என்ற நெடுவரிசை இருக்கிறது, அதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் எப்படி முடிவெடுக்கிறேன்

முதல் கேள்வி, கிளையன்ட் பிசியில் கை வைக்க முடியுமா? முடியும் என்றால், எத்தனை கஷ்டமானாலும் டிரைவரை மாற்றுவதுதான். பத்து பிசி வரை நேரில் போய்ச் செய்வேன். வெப் அப்ளிகேஷனாக இருந்தால் பேச்சே இல்லை; மாற்ற வேண்டியது ஒரே ஒரு சர்வரில்.

முடியும், ஆனால் இன்றைக்கு முடியாது என்றால் ஒரு யூசருக்கு மட்டும் பழைய முறை. கையோடு இன்னொரு யூசரைப் புது முறையில் உருவாக்கி வைத்துவிடுவேன். ஒவ்வொரு பிசியாக டிரைவர் மாறும்போது அது புது யூசருக்குப் போகும். கடைசி பிசி போனதும் பழைய யூசரை அழித்துவிடலாம். எல்லாரையும் ஒரே ராத்திரியில் மாற்றும் வீரம் தேவையில்லை.

எப்போதுமே முடியாது என்றால், சின்ன இடத்துக்கு மரியாடிபி, ஆள் இருக்கும் இடத்துக்கு ப்ராக்ஸி.

ஈரோட்டில் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று கவுன்ட்டர்களில் 8.0 ஓடிபிசி டிரைவரைப் போட்டேன். கணக்குப்பிள்ளை பழைய பில்களைத் திறந்து திறந்து பெயர்களைப் படித்துச் சரிபார்த்தார். மூன்றாவது கவுன்ட்டர் மட்டும் முடியவில்லை. அது எக்ஸ்பி. புது டிரைவர் அதில் ஏறாது. பிசியையே மாற்றலாம் என்றால், அதில் மாட்டியிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் புது விண்டோஸில் டிரைவர் இல்லை. மூன்று காப்பி கார்பன் பில் லாரிக்காரர்களுக்கு அதில்தான் வருகிறது.

அந்த ஒரு பிசிக்கு மட்டும் பழைய யூசரை விட்டுவைத்தேன். முன்பு உள் நெட்வொர்க் முழுவதற்கும் இருந்த அனுமதியை அந்த ஒரே ஐபிக்குச் சுருக்கினேன். 8.0.21-லிருந்து யூசரோடு ஒரு குறிப்பையும் சேர்த்து வைக்கலாம். அதில் 'கவுன்ட்டர் 3, எக்ஸ்பி, பிரிண்டர் போனால் இதையும் அழிக்கவும், 8.4-க்குப் போகுமுன் பார்க்கவும்' என்று எழுதினேன். நாளைக்கு வேறு யார் வந்து பார்த்தாலும் யூசர் பட்டியலிலேயே தெரியும்.

தீபாவளிக்குள் பிரிண்டரை மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. இரண்டு தீபாவளி போய்விட்டது. போன வாரம் ரிப்பன் வாங்கி வரச் சொல்லி எனக்கே போன் செய்தார்.